காக்கேரோரியும் மூன்று குடும்பங்களும்

நெசவாளரும் பயிரிடுவோரும் அங்கத்தினராக உள்ள இப்பத்திரிகையில் ஒரு பறவையைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடையாக, நாம் பார்வையிடச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றின் கிட்டங்கியிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குவோம்.

அச்சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில், "எலிச் சேதம்" என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் ஒரு தொகை எழுதித் தள்ளப்பட்டு வந்தது. பாவுக்கு இட்ட கஞ்சியில் சோற்றுப் பசை உண்டு. அதனை நாடி வரும் எலி பாவை ஓரிடத்தில் கடித்தாலும், பல முழம் வீணாகும் என்பதை நெய்வோர் அறிவர். நாம் பார்வைக் குறிப்பில், "எலிப்பொறிகள் வாங்கி வைக்கவும்" என்று எழுதிவிட்டு வந்தோம். மறு ஆண்டு சென்றபோது, 12 பொறிகள் வாங்கியதற்கான ரசீது ஒழுங்காக இருந்தது. பொறிகளும் இருந்தன, ஆனால் கிட்டங்கியின் மூலையில் துருவேறிக் கிடந்தன. முதல் மாதம் இரை வைத்தார்களாம், எலி குறைந்ததாம், அதன் பிறகு யாரும் வைக்கவில்லையாம். சேதத் தொகையோ முன்னாண்டைவிட ஏறியிருந்தது.

காரியதரிசியைக் கடிந்துகொள்ள நாம் வாயெடுத்தபோது, அருகிருந்த முதிய நெசவாளர் ஒருவர், "ஐயா, வாங்கச் சொல்லி எழுதினீர்கள், வாங்கினோம். நாள்தோறும் இரை வைப்பவர் யார் என்று நீங்களும் எழுதவில்லை, நாங்களும் எழுதவில்லை" என்றார். அவ்வுரை நம் நெஞ்சில் தைத்தது. குறை அவர்களுடையது மட்டுமன்று. நம்முடைய குறிப்பிலும் இருந்தது.

பின்னர்ப் பசிபிக் பெருங்கடலின் சிறு தீவு ஒன்றில் வாழும் ஈப்பிடிப்பான் பறவையின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அப்பறவையை அழிவின் வாயிலுக்குக் கொண்டு சென்றது, நம் கிட்டங்கியில் பாவைக் கடித்த அதே இனத்து எலி. அங்கும் இரை வைக்கவேண்டியிருந்தது. ஆனால் அங்கே "யார் வைப்பது?" என்னும் வினாவுக்கு விடை கண்டார்கள். அவ்விடை எவ்வாறு கிடைத்தது என்பதே இப்பாடம்.

1. பறவையும் அதன் உறவும்

ஈப்பிடிப்பான் என்பது ஒரே குலத்தைக் குறிக்கும் பெயரன்று. பறக்கும் பூச்சியைத் தாவிப் பிடித்து உண்ணும் வழக்கமுடைய சிறு பறவைகள் பலவற்றுக்கும் அப்பெயர் வழங்குகிறது. அவற்றுள் மன்னர் ஈப்பிடிப்பான்கள் என்பது ஒரு குடும்பம். நம் நாட்டு அரசவால் ஈப்பிடிப்பான் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வேதிவால் குருவி என்றும் அதனைச் சொல்வர். குளிர்காலத்தில் நம் சமவெளித் தோப்புகளுக்கு அது வந்து போவதையும், ஆண் பறவையின் வால் நாடாப்போல் நீண்டு காற்றில் அலைவதையும் அங்கத்தினர் பலர் கண்டிருக்கலாம். இளமையில் செந்நிறமாக இருக்கும் ஆண், வயது முதிர்ந்தபின் வெண்ணிறம் பெறும்.

குக் தீவுகளைச் சேர்ந்த ரரோட்டோங்காத் தீவில் வாழும் காக்கேரோரி, இதற்குத் தொலைவிலுள்ள பங்காளி என்னலாம். அதற்கு நாடாவால் கிடையாது. உடல் நம் சிட்டுக்குருவியின் அளவினும் அதிகம் பெரிதன்று. எடை 20 முதல் 25 கிராம் வரைதான் இருக்கும். ஆயினும் நிறம் மாறும் குணம் இதற்கும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் செம்மஞ்சளாக இருக்கும். மூன்றாம் ஆண்டில் செம்மஞ்சளும் சாம்பலும் கலந்து காணும். நான்காம் ஆண்டு முதல் மேற்புறம் சாம்பலும் கீழ்ப்புறம் வெண்மையுமாக நிலைத்துவிடும். ஆண், பெண் இரண்டுக்கும் இம்மாற்றம் பொது. ஆகவே பறவையைக் கண்ட அளவில் அது இளையதா, முதிர்ந்ததா என்று சொல்லிவிடலாம். கணக்கெடுப்போருக்கு இது பெரிய உதவி.

இலைகளின்மீதும் காற்றிலும் உள்ள பூச்சிகளே இதன் உணவு. கிளை பிரியும் கவையில் கிண்ணம்போன்ற கூட்டைக் கட்டும். இடும் முட்டைகள் ஒன்று அல்லது இரண்டே. ஆனால் இச்சிறு உடலுக்கு எதிர்பாராத நீண்ட ஆயுள் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். ஆண்டுதோறும் ஏராளமாகக் குஞ்சு பொரிக்கும் பறவை, ஓராண்டின் இழப்பை மறு ஆண்டில் ஈடுசெய்துகொள்ளும். காக்கேரோரிக்கு அது இயலாது. நம் வழக்கில் சொல்வதானால், முதிர்ந்த பறவைகளே அதன் முதல்; குஞ்சுகள் குறைந்த வட்டி. முதலே கரையத் தொடங்கினால் அவ்வட்டி எதனையும் காக்காது.

2. அது வாழும் இடம்

நியூசிலாந்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில், பெருங்கடலின் நடுவில் சிதறிக் கிடப்பவை குக் தீவுகள், மொத்தம் 15. அவற்றுள் பெரியது ரரோட்டோங்கா. பெரியது என்றாலும் அதன் பரப்பு 67 சதுர கிலோமீட்டர்தான். தீவைச் சுற்றிவரும் கடற்கரைச் சாலையின் நீளம் 32 கிலோமீட்டர். அணைந்துபோன எரிமலையே இத்தீவு. ஓரத்தில் தட்டையான நிலம். அங்கே வீடுகளும் தோட்டங்களும் உள்ளன. நடுவில் செங்குத்தான மலைகள், 600 மீட்டருக்கு மேலும் உயர்ந்து காடு மூடி நிற்கின்றன. மலையிலிருந்து ஓடைகள் குறுகிய பள்ளத்தாக்குகளின் வழியே கடலை அடைகின்றன.

தீவின் தென்கிழக்கில் உள்ள அத்தகைய சில பள்ளத்தாக்குகளே காக்கேரோரியின் இறுதிப் புகலிடமாயின. ஓடையின் ஈரமும், காற்றுக்கு மறைவும், பூச்சிகளும் அங்கே உண்டு. பூவரசுக்கு உறவான நீர்ப்பருத்தி மரம் தாழ்ந்த பகுதிகளில் அடர்ந்து வளர்கிறது. அதன் பட்டையை உரித்து நாரெடுத்துக் கயிறு திரிப்பதும், நடன ஆடைகள் செய்வதும் தீவினரின் பழைய கைத்தொழில். நாரும் நூலும் தெரிந்த நம்மவர் அங்கே சென்றால் அம்மரத்தை அயலாக எண்ணமாட்டார்கள்.

உலகில் இப்பறவை இயற்கையாக வாழ்ந்துவந்த இடம் இத்தீவு ஒன்றே. இங்கே இல்லையெனில் எங்குமில்லை. அறிவியலார் இதற்குப் பெயரிட்டு எழுதியது 19ஆம் நூற்றாண்டில். அந்நூற்றாண்டின் நடுவில் எளிதில் காணக்கூடியதாக இருந்த பறவை, 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது அரிதாகிவிட்டது. பிறகு நெடுங்காலம் அது அற்றுப்போனதென்றே கருதப்பட்டது. 1970களில் ஓரிரண்டு பறவைகள் மீண்டும் கண்ணில் பட்டன.

3. குறைந்தது எவ்வாறு?

காடு பெரும்பாலும் நிற்கையில் பறவை மட்டும் குறைந்தது ஏன்? வேட்டையாடியவர் இல்லை, உணவுப் பஞ்சம் இல்லை. காரணத்தைத் தேடியவர்கள் கூடுகளை நாள்தோறும் கண்காணித்தனர். முட்டையும் குஞ்சும், சில வேளைகளில் அடைகாக்கும் தாயும், எலிக்கு இரையாவது தெளிவாயிற்று. பூனைகளும் ஓரளவு காரணம்.

மனிதர் அத்தீவுக்கு முதலில் குடிவந்தபோதே சிறிய எலி ஒன்று அவர்களுடைய தோணிகளில் வந்திருந்தது. அது மரமேறுவதில் அத்துணை வல்லதன்று. பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் கறுப்பெலி வந்தது. கப்பலெலி என்றும் அதனை வழங்குவர். அதன் பூர்விகம் நம் இந்தியத் துணைக்கண்டம் என்று அறிஞர் கருதுகின்றனர். நம் கூரைகளில் ஓடுவதும், தென்னையில் ஏறிக் குரும்பையைத் துளைப்பதும் இதுவே. மரம் ஏறும் திறனில் இதற்கு நிகர் அரிது. எலி என்பதையே அறியாத காலத்திலிருந்து வந்த ஒரு பறவை, கவையில் திறந்த கிண்ணமாகக் கூடு கட்டுமானால், இவ்வெலிக்கு அது தட்டில் வைத்த உணவு.

இவ்வாறு அழிந்தது காக்கேரோரியின் உறவில் பல உண்டு. மௌப்பிட்டி என்னும் தீவில் இதே பேரினத்தைச் சேர்ந்த ஈப்பிடிப்பான் ஒன்று வாழ்ந்தது. 1823இல் பிடிக்கப்பட்ட ஒரே ஒரு பறவையால்தான் அப்படியோர் இனம் இருந்தது என்பதை உலகம் அறிகிறது. அதன்பின் அதனைக் கண்டவர் எவருமில்லை.

ரரோட்டோங்காவில் 1987இல் எண்ணியபோது 38 காக்கேரோரிகள் இருந்தன. 1989இல் 29. இரண்டே ஆண்டுகளில் 9 பறவைகள் குறைந்துவிட்டன. இவ்வாறே சென்றால், இன்னும் பத்தாண்டு கழிவதற்குள் இவ்வினம் அறவே இல்லாமற்போகும் என்று கணக்கிட்டனர்.

4. செய்த வேலை

குக் தீவுகளின் அரசாங்கப் பாதுகாப்புத் துறையினரும், நியூசிலாந்திலிருந்து வந்த ஹ்யூ ராபர்ட்சன், எட் சால் முதலிய வல்லுநர்களும் சேர்ந்து 1980களின் இறுதியில் மீட்பு வேலையைத் தொடங்கினர். அவர்கள் கையாண்ட கருவிகளில் அதிசயம் ஒன்றுமில்லை.

முதலாவது, தகரப் பட்டை. கூடு உள்ள மரத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வழுவழுப்பான உலோகத் தகட்டைப் பொருத்தினார்கள். எலியின் நகம் அதில் பற்றாது. நம் தென்னந்தோப்புகளில் எலியைத் தடுக்க இதே முறை வெகுநாளாக வழங்குவது அங்கத்தினர் அறிந்ததே. அடுத்த மரத்தின் மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் பட்டையால் பயனில்லை என்பதும் அவர்கள் அறிந்ததே. அடர்ந்த காட்டிலோ, மரத்துக்கு மரம் கிளை கோத்து நிற்கும்.

ஆகவே இரண்டாவது வழியே முதன்மையாயிற்று. அது நச்சிரை வைப்பது. இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்லும் மருந்து கலந்த இரையை, பிற உயிர்கள் எளிதில் தொடாதவாறு மூடிய குழல்களில் இட்டு, பள்ளத்தாக்கின் ஓடைக்கரைகளிலும் மலைமுகடுகளிலும் வரிசையாக வைத்தார்கள். பறவை கூடு கட்டும் காலம் ஏறத்தாழ அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள அத்தீவுக்கு அதுவே கோடையும் மழையும். அப்பருவத்திற்குச் சற்று முன்பிருந்தே இரை வைக்கத் தொடங்கி, வாரந்தோறும் அதே வழியில் நடந்து, தீர்ந்த குழல்களில் மீண்டும் இரை நிரப்பினார்கள்.

வாரந்தோறும் என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். வழுக்கும் பாறையிலும், செங்குத்தான சரிவிலும், மழையிலும் அவ்வழியை நடந்தாகவேண்டும். ஒரு வாரம் தவறினால் எலி பெருகத் தொடங்கும். ஒரு பருவம் தவறினால் அவ்வாண்டின் குஞ்சுகள் போகும். தாய்ப்பறவைகளுள் சிலவும் போகும். இவ்வேலையில் அறிவு வேண்டிய பகுதி சிறிது. தவறாமை வேண்டிய பகுதி பெரிது.

மூன்றாவது, கணக்கு. பறவைகளைப் பிடித்துக் காலில் நிற வளையங்களை இட்டு விடுவித்தனர். வளையங்களின் வரிசையைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணலாம். கூடு கட்டும் பருவத்திற்கு முன், ஆகஸ்டு மாதத்தில், பள்ளத்தாக்குகளை நடந்து அலசித் தலையெண்ணிக்கை எடுத்தனர். ஒரு சங்கத்திற்கு ஆண்டிறுதி ஐந்தொகை எப்படியோ, அப்படி அவர்களுக்கு இந்த ஆகஸ்டுக் கணக்கு. பட்ட பாட்டின் பயனை அது மறைக்காமல் சொல்லிவிடும்.

அது சொன்னது இது: 1989இல் 29, 1993இல் 60, 2000இல் 200க்கு மேல்.

5. நிலம் யாருடையது?

இவ்வெண்ணிக்கை உயர்ந்துகொண்டிருந்த நாளில் ஒரு பெரிய வினா எழுந்தது. அரசாங்க ஊழியரும் வெளிநாட்டு வல்லுநரும் எத்தனை ஆண்டு வந்து நடப்பார்கள்? அவர்கள் நின்ற மறுநாள் எலி வருமே!

காடு அரசாங்கத்துடையதன்று. குக் தீவுகளில் நிலம் குடும்ப வழியாக இறங்குவது. அதனை விற்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. பாட்டன் முப்பாட்டன் வழியில் வந்தோர் அனைவரும் கூட்டு உரிமையாளர். அவர்களுள் ஏராளமானோர் பிழைப்பை நாடி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று வாழ்கின்றனர். கூட்டுச் சொத்தின் இடர்ப்பாடு நமக்குப் புதிதன்று. எல்லாருக்கும் உரியதை எவரும் பராமரிப்பதில்லை. ஒருவர் முன்வந்தாலோ, மற்றவர் ஐயுறுவர்.

காக்கேரோரி வாழும் பள்ளத்தாக்குகள் காயினுக்கு, காரிக்கா, மனவரோவா என்னும் மூன்று குடிவழியினர்க்கு உரியவை. அம்மூன்று குடிவழியினரும் 1996இல் ஒன்றுகூடி, தம் நிலத்தில் 155 ஹெக்டேரைப் பொதுவாக ஒதுக்கித் தாக்கித்துமு பாதுகாப்புப் பகுதி என்று அமைத்தார்கள். தாக்கித்துமு என்பது தீவின் அப்பகுதிக்கு வழங்கும் பழம்பெயர். நிலத்தின் உரிமையை அவர்கள் யாருக்கும் கொடுத்துவிடவில்லை. உரிமை குடும்பங்களிடமே இருந்தது. பொறுப்பு மட்டும் பொதுவாயிற்று. குடும்பங்களின் பிரதிநிதிகள் கூடிய குழு ஒன்று மேலாண்மையை ஏற்றது. அதுவரை அரசாங்கத்தின் கையில் இருந்த பறவைப் பாதுகாப்பு, நிலமுடையோர் கைக்கு வந்தது.

தொடக்கத்தில் தென்பசிபிக் நாடுகளின் இயற்கைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றிலிருந்து பண உதவி கிடைத்தது. ஆனால் உதவிப் பணம் ஒருநாள் நிற்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகவே காட்டினுள் நடைபாதைகள் அமைத்து, தீவைக் காண வரும் பயணிகளை வழிகாட்டியுடன் அழைத்துச் சென்று, கட்டணம் பெறும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பயணி தரும் கட்டணம் பாதையைத் திருத்தவும், பாதுகாப்பு வேலையைத் தாங்கவும் துணையாயிற்று. காட்டை வெட்டாமலே, அதனால் ஒரு வருவாய் உண்டு என்பது நிலமுடையோர் கண்ணுக்குத் தெரிந்தது.

இதனால் அவர்கள் செல்வந்தர் ஆகிவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. முன்னர் ஒரு துறையின் வேலையாக இருந்தது, பின்னர் ஒரு வீட்டின் வேலையாயிற்று என்பதையே சொல்கிறோம். துறையின் வேலைக்கு ஆணை வேண்டும். வீட்டு வேலைக்கு ஆணை வேண்டுவதில்லை.

6. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையாமை

பறவைகள் பெருகின. ஆயினும் அனைத்தும் ஒரே தீவில், ஒரே மூலையில், அடுத்தடுத்த சில பள்ளத்தாக்குகளில் இருந்தன. ஒரு பெரும்புயல் வந்தால்? புதிய நோய் ஒன்று கப்பலேறி வந்தால்? அரும்பாடுபட்டுச் சேர்த்த முதல் முழுவதும் ஒரே நாளில் போகலாம்.

ஆகவே இரண்டாம் இருப்பிடம் ஒன்றைத் தேடினர். ரரோட்டோங்காவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் ஆட்டியு என்னும் தீவு உள்ளது. உயர்ந்தெழுந்த பவளப்பாறை அதனை வளையம்போலச் சூழ்ந்துள்ளது. அங்கே பழைய சிறிய எலி உண்டு, கப்பலெலி இல்லை. அவ்வின்மையே அத்தீவின் பெருஞ்செல்வம். 2001, 2002, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளில், பெரும்பாலும் இளம் பறவைகளாக, மொத்தம் 30 காக்கேரோரிகளை மெல்லிய வலையால் பிடித்து, வானூர்தியில் கொண்டுசென்று அங்கே விடுவித்தனர். அவை அவ்விடத்தை ஏற்றுக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன.

முன்யோசனை வீண்போகவில்லை. 2005ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், சில வாரங்களுக்குள் ஐந்து சூறாவளிகள் குக் தீவுகளின் பகுதியைத் தாக்கின. பள்ளத்தாக்குகளில் மரங்கள் சாய்ந்தன. காக்கேரோரியின் தொகையும் ஓரளவு குறைந்தது. ஆனால் இனம் குலையவில்லை. 29 பறவைகள் மட்டும் இருந்த நாளில் அவ்வைந்து புயல்களும் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். சேமநிதியின் பொருளை விளக்க நாம் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை அறியோம்.

ஆட்டியுவில் இன்னொரு பாடமும் உண்டு. பயிரிடும் அங்கத்தினர் அதனை உற்றுக் கேட்கவேண்டும். நம் நாட்டு மைனா அத்தீவுகளில் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னை ஓலையைத் தின்னும் குச்சிப்பூச்சியை ஒழிக்க அதனைக் கொணர்ந்து விட்டார்கள். அது பெருகி, பழங்களைக் கொத்திச் சேதப்படுத்துவதும் பிற பறவைகளின் கூடுகளுக்குத் தொல்லை தருவதுமாக மாறியது. பிற்காலத்தில் ஆட்டியு மக்கள் பல ஆண்டுகள் முயன்று அதனைத் தம் தீவிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. ஒரு தீமையைப் போக்க அயலிடத்து உயிரைக் கொணர்வோர், அதன் பின்விளைவையும் சேர்த்தே கொணர்கின்றனர். கப்பலெலி தானே ஏறி வந்தது; மைனாவையோ மனிதர் அழைத்து வந்தனர்.

7. பெருகிய பின் செய்தது

மீட்பு வேலை வெற்றி பெற்றதும் அதனை நிறுத்திவிடும் தவறு எளிதில் நேர்வது. நம் நெசவாளர் சங்கத்தின் பொறிகள் துருவேறியது அவ்வாறே. ஒரு மாதம் எலி குறைந்ததும், வேலை முடிந்தது என்று கருதிவிட்டனர்.

தாக்கித்துமுவில் அவ்வாறு கருதவில்லை. பறவைகள் 200ஐத் தாண்டியபின், வேலையின் நோக்கத்தைத் தெளிவாக மாற்றிக்கொண்டார்கள். முன்னர்ப் பெருக்குவது நோக்கம். 2001 முதல், பெருகியதை 250 முதல் 300 வரையில் நிலைநிறுத்துவது நோக்கம். அதற்கேற்ப இரை வைக்கும் செலவையும் உழைப்பையும் குறைத்தார்கள், ஆனால் நிறுத்தவில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல், எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்தார்கள். கணக்கு இல்லாதவன் சிக்கனம் செய்யப்புகுந்தால் அது வெறும் சோம்பலாய் முடியும். கணக்கு உள்ளவனுக்கே சிக்கனம் கைகூடும்.

உலகில் மிக அருகிப்போன உயிர்களின் பட்டியலில் கடைசிப் படியில் நின்ற காக்கேரோரி, 2000க்குப் பின் படிப்படியாக அப்பட்டியலில் இடர் குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. ரரோட்டோங்காவில் கப்பலெலி இன்னும் உளது. காட்டை விட்டு அதனை முற்றும் ஒழித்தல் இயலவில்லை. ஆகவே வழியை யாரேனும் நடந்துகொண்டே இருக்கவேண்டும்.

8. முடிவாக

இப்பறவையைக் காத்தது யாது? அதன் அழகா? அழகு 1989க்கு முன்பும் இருந்தது. சட்டமா? சட்டத்தை எலி படிப்பதில்லை. பணமா? பணம் இரையை வாங்கிற்று. இரையைச் சுமந்து சரிவில் ஏறவில்லை. வாரந்தோறும் ஒருவர் அதே வழியில் நடந்தார்; ஆகஸ்டுதோறும் சிலர் கூடி எண்ணினார்கள்; நிலமுடைய மூன்று குடும்பங்கள், "இது எங்கள் வேலை" என்று சொல்லின. இம்மூன்றும் சேர்ந்தபோது 29 என்பது 200 ஆயிற்று.

முதலிற்சொன்ன சங்கத்திற்கு நாம் மீண்டும் சென்றபோது, பார்வைக் குறிப்பில் வேறு விதமாக எழுதினோம். "பொறிகள் வைக்கவும்" என்று எழுதவில்லை. கிட்டங்கிக்கு எந்த வாரம் எவர் பொறுப்பு என்று அங்கத்தினர் கூடி முறை வகுத்து, சுவரில் எழுதி வைக்கவும், மாதம் ஒருமுறை சேதத்தை எண்ணிப் பதியவும் கேட்டுக்கொண்டோம். அந்த முதிய நெசவாளர் முதல் வாரத்தைத் தமக்கே எழுதிக்கொண்டார். அடுத்த ஐந்தொகையில் எலிச் சேதம் அறவே இல்லாமற்போகவில்லை. ஆனால் அத்தொகை குறைந்திருந்தது. சுவரில் எழுதிய முறையும் அழியாமல் இருந்தது. நமக்கு அதுவே பெரிதாகத் தோன்றியது.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குச் சில வினாக்கள்

1. காக்கேரோரி ஆண்டுக்கு ஓரிரண்டு குஞ்சுகளே வளர்க்கும். இத்தகைய பறவைக்கு, குஞ்சு இறப்பதைவிடத் தாய் இறப்பது பெரிய இழப்பாவது ஏன்?

2. தகரப் பட்டையைவிட நச்சிரை ரரோட்டோங்காக் காட்டில் பயன் மிகுந்ததாக இருந்ததற்குக் காரணம் என்ன? உங்கள் தென்னந்தோப்பில் இவ்விரண்டுள் எது ஏற்றது?

3. நிலத்தின் உரிமையை விட்டுக்கொடாமலே அதன் பொறுப்பைப் பொதுவாக்கலாம் என்பதை மூன்று குடும்பங்கள் காட்டின. உங்கள் ஊரில் இவ்வாறு செய்யத்தக்க குளம், தோப்பு, களம் ஏதேனும் உண்டா?

4. ஆட்டியுவுக்கு 30 பறவைகளை அனுப்பியபோது, ரரோட்டோங்காவின் எண்ணிக்கை அந்த அளவு குறைந்தது. இதனைச் செலவு என்பீர்களா, சேமிப்பு என்பீர்களா?

5. உங்கள் சங்கத்தில் ஒருமுறை நன்றாகத் தொடங்கிப் பின் நின்றுபோன வேலை எது? அதனை இனி வாரந்தோறும் செய்பவர் யார்? பெயரை எழுதுக.